நாற்பத்தெட்டாயிரம் என்றால் நாற்பத்தெட்டாயிரம்

என் தங்கை ஜெபசுதா ஒரு கல்யாணத்துக்குப் போட்டோவும் வீடியோவும் எடுத்து, நாற்பது தாள் ஆல்பம் போட்டுக் கொடுக்க நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் கேட்பாள். தூத்துக்குடியில் இதைவிட அதிகம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, அவர்கள் கடை வாசலில் கண்ணாடிக் கதவு இருக்கிறது. சுதாவின் கடை மில்லர்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவே, பத்துக்குப் பதினான்கு அடி. அதனால் அவளிடம் எல்லாரும் கேட்டார்கள். அதிலும் எங்கள் சபைக்காரர்கள், உரிமையோடு கேட்டார்கள்.

நான் அவளைவிட ஏழு வயது மூத்தவள். பத்தாவதோடு நிறுத்திவிட்டு, முத்தையாபுரம் பக்கம் ஒரு உப்புக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக எடை எழுதுகிறேன். சுதா சாயர்புரத்தில் பி.காம். முடித்தாள். பேங்க் பரீட்சை எழுதுவாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் ஒட்டும் வேலைக்குப் போனாள். எட்டு வருடம் அங்கேயே கேமராவும் பழகி, முப்பதாவது வயதில் சொந்தமாகக் கடை போட்டாள். இது நான்காவது வருடம்.

அவள் வேலை செய்கிற விதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டுக்குப் போனதும் கேமராவை எடுக்க மாட்டாள். நேராகப் பந்தி பரிமாறுகிற இடத்துக்குப் போய், யாரிடமாவது மெதுவாக விசாரிப்பாள்: எந்தச் சித்தப்பாவுக்கு எந்த அத்தானோடு பேச்சுவார்த்தை இல்லை, யார் யாரோடு நிற்க மாட்டார்கள். அதைக் கையிலேயே பேனாவால் குறித்துக்கொள்வாள். பிறகு குடும்பப் படம் எடுக்கும்போது பெயரைச் சொல்லி இரண்டு தடவையாகக் கூப்பிடுவாள். யாரும் முறைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கியது கிடையாது. யாரும் ஆல்பத்தில் விட்டுப்போனதும் கிடையாது. ஒரு ஆல்பத்தில் ஒரு பெரியம்மா விட்டுப்போனால் எங்கள் பக்கத்தில் அந்த வீட்டுக்குப் பத்து வருடம் கிறிஸ்துமஸ் பலகாரம் போகாது.

இவ்வளவு இருந்தும் சபையில் ஆறு கல்யாணம் எடுத்தால் ஆறும் முப்பதாயிரம், முப்பத்தைந்தாயிரத்தில்தான் முடிந்தது. “நம்ம பிள்ளைதானே” என்பார்கள். போன வருடம் ஜூனில் கட்டடச் சொந்தக்காரர், டிசம்பருக்குள் கடைக்கு முன்பணம் இன்னும் ஐம்பதாயிரம் தர வேண்டும், இல்லாவிட்டால் டயர் கடைக்காரர் அந்த இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார் என்று சொல்லிவிட்டார். சுதா கையில் முப்பத்திரண்டாயிரம்தான் இருந்தது. அதுவும் ஒரு லென்ஸ் வாங்குவதற்காக வைத்திருந்தது.

பழைய லென்ஸ் கெட்டுப்போனது என்னால். அதை மறைக்க வேண்டியதில்லை. கடலோர ஊரில் கேமராவுக்கு முதல் எதிரி காற்று. லென்ஸுக்குள் பாசி மாதிரி ஒன்று படரும், திருகாணிகள் துருப்பிடிக்கும். ஈரம் ஏறாத பெட்டி ஒன்று வாங்கினால் ஒன்பதாயிரம் ஆகும் என்றாள் சுதா. நான் உப்பிலேயே பிழைக்கிறவள். உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது எனக்குத் தெரியாததா? நல்ல உப்பாகப் பொறுக்கி, சட்டியில் வறுத்து, மல் துணியில் சிறு சிறு பைகளாகத் தைத்து, அவள் அலமாரியின் நான்கு மூலையிலும் வைத்தேன். அதற்கு முந்தின நவம்பரில் மழை ஒரு வாரம் பெய்தது. உப்பு ஈரத்தை இழுக்கத்தான் செய்தது. இழுத்ததைப் பிடித்து வைக்கவில்லை. தண்ணீராகக் கசிந்து, மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டில் இருந்த லென்ஸ் மேல் சொட்டியிருக்கிறது. மழைக்காலத்தில் உப்பு அம்பாரத்துக்கு அடியில் நீர் நிற்பதை இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிற எனக்கு அது தோன்றவில்லை.

“ஊறுகா போட்டுட்டீங்களேக்கா” என்று சிரித்தாள் சுதா. அந்தச் சிரிப்புத்தான் எனக்கு ஆறாமல் கிடந்தது.

அதனால்தான் ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பில்களை எல்லாம் பரப்பிப் போட்டு, ஒரு கல்யாணத்துக்கு உண்மையில் என்ன ஆகிறது என்று எழுதிப் பார்த்தேன். கேமரா ஒரு லட்சத்து எண்பதாயிரம். அது இரண்டு லட்சம் தடவை அழுத்துகிற வரைதான் உழைக்கும் என்று கணக்கு. கல்யாணத்துக்கு நாலாயிரம் தடவை அழுத்துகிறாள். ஐம்பது கல்யாணம். ஆக ஒவ்வொரு கல்யாணத்திலும் கேமராவில் மூவாயிரத்து அறுநூறு ரூபாய் தேய்ந்துபோகிறது. யார் கண்ணுக்கும் தெரியாது. லென்ஸ், பிளாஷ், பேட்டரி இரண்டாயிரத்து நூறு. வீடியோ எடுக்க வெளியிலிருந்து வருகிற லிங்கராஜுக்கு ஒன்பதாயிரம். லைட் பிடிக்க ஆள் ஆயிரத்து இருநூறு. ஆல்பம் அச்சும் கட்டும் பதினையாயிரத்து இருநூறு, பக்கங்களை வடிவமைக்க நாலாயிரத்து நானூறு. படங்களை இரண்டு இடத்தில் சேமித்து வைக்கத் தொள்ளாயிரம், வண்டி, சாப்பாடு ஆயிரத்து நூறு. ஒரு கல்யாணத்துக்கு ஒன்பது நாள் உழைக்கிறாள், அந்த நாட்களின் கடை வாடகையும் கரண்டும் மூவாயிரத்து நூற்றைம்பது. கூட்டினால் நாற்பதாயிரத்து அறுநூற்றைம்பது.

நாற்பத்தெட்டாயிரத்தில் அதைக் கழித்தால் அவளுக்கு மிஞ்சுவது ஏழாயிரத்து முந்நூற்றைம்பது. நாளுக்கு எண்ணூறு சொச்சம். எங்கள் வீட்டுக் குளியலறைக்கு ஓடு பதித்த கொத்தனாருக்கு ஆயிரத்து நூறு கொடுத்தோம்.

“முப்பதாயிரத்துக்கு எடுத்தேன்னா நீ கைக்காசு போட்டு அவங்க கல்யாணத்துக்கு மொய் செய்யுதன்னு அர்த்தம்” என்றேன். “இனி ஒரு ரூவா குறைச்சேன்னா நான் ஒன்கூடப் பேச மாட்டேன்ளா.”

அவள் அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள். “இதுல ஊறுகாய்க்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?” என்றாள்.

அடுத்த வாரமே சோதனை வந்தது. அன்றைக்கு நான் கடையில் இருந்தேன். முதலில் வந்தவர் ஞானதுரை அண்ணாச்சி. துறைமுகத்துக்கு ஓடுகிற லாரிகள் பதினொன்று வைத்திருக்கிறவர். மகள் ஜெப்ஸிக்கு ஆகஸ்டு கடைசியில் கல்யாணம்.

“முப்பது வாங்கிக்க. சபையில எல்லாருக்கும் அதான ரேட்டு?”

“இல்ல அண்ணாச்சி, நாப்பத்தெட்டு” என்றாள் சுதா.

“ஏளா, நான் என்ன வெளியூர்க்காரனா? ஒன் அப்பா எனக்கு சண்டே ஸ்கூல்ல பாடம் எடுத்தவரு.”

“அதுக்கு அப்பாவுக்கு நன்றி சொல்லுங்க. ஆல்பம் போடுதவன் எங்கிட்ட ரூவாதான் கேக்கான்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “செல்வி, நீயாவது சொல்லேன்.” நான் தாளை நீட்டினேன். அவர் அதைக் கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இவ்வளவு எழுதுனா நானும் லாரி டயர் தேயுறத எழுதுவேன்” என்றார்.

“எழுதித்தான வாடகை வாங்குதீங்க?” என்றாள் சுதா.

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அந்த நேரத்தில் எங்கள் சபைச் செயலாளர் நேசக்குமார் சார் உள்ளே நுழைந்தார். பள்ளிக்கூட ஆசிரியர், நல்ல மனுஷன். யாரிடமும் இரண்டாவது முறை கேட்காமலே சம்மதம் என்று எடுத்துக்கொள்வார், அதுதான் அவரிடம் உள்ள குறை.

“சுதா, ஜூலை இருபது அறுப்பின் பண்டிகை. காலம்பற ஆறு மணிக்கு வந்துரு. வழக்கம்போல ஊழியமா செஞ்சு குடுத்துரு.”

“பந்தலும் ஊழியமா சார்?”

“அது எப்படி? அவன் வெளியாளு. பதினாலாயிரம்.”

“மைக்செட்டு?”

“ஆறாயிரம்.”

“அப்ப உள்ளாளா இருந்ததுதான் என் தப்பா?”

சார் தடுமாறினார். ஞானதுரை அண்ணாச்சி அவருக்குத் துணைக்கு வந்தார். “ஆண்டவருக்குச் செய்யுறதுல கணக்குப் பாக்கப்பிடாதும்மா. போன வருசம் ஏலத்துல நான் ஒரு பூசணிக்காய நாலாயிரத்துக்கு எடுத்தேம்லா? கணக்கா பாத்தேன்?”

விளைச்சலுக்கு நன்றி சொல்கிற எங்கள் அறுப்பின் பண்டிகையில் அது வழக்கம். ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்குக் கொண்டுவந்த கோழி, வாழைத்தார், கருப்பட்டிச் சிப்பம், முருங்கைக்காய்க் கட்டு எல்லாம் தேவாலயத்து முற்றத்தில், எங்கள் பேச்சில் கோயில் முற்றத்தில், ஏலம் போகும். பணம் கோயிலுக்கு. ஐந்து ரூபாய் எலுமிச்சம்பழம் ஐந்நூறுக்குப் போகும். எடுத்தவரே திரும்பக் கொடுத்து, மறுபடியும் ஏலம் விடச் சொல்வதும் உண்டு. நிதானமான மனிதர்கள்கூட அன்றைக்கு ஒரு தேங்காய்க்காகப் பக்கத்து வீட்டுக்காரரை விட மாட்டார்கள்.

அண்ணாச்சி கையிலிருந்த கணக்குத் தாளைச் சுதா வாங்கி மடித்தாள். பிறகு, “சரி சார், நானும் காணிக்கை கொண்டு வாரேன்” என்றாள். “ஒரு கல்யாணம். போட்டோ, வீடியோ, ஆல்பம். அதை ஏலம் விடுங்க. அது கோயிலுக்கு. அதோட என் ஊழியம் முடிஞ்சது. மத்த எல்லாத்துக்கும் ரேட்டு.”

சார் சந்தோஷமாகப் போய்விட்டார். ஞானதுரை அண்ணாச்சியும் யோசித்துக்கொண்டே போனார்.

நான் அவளைப் பிடித்து உலுக்கினேன். “கிறுக்கி! ஏலப் பணம் கோயிலுக்குப் போகும். லிங்கராஜுக்கும் ஆல்பக்காரனுக்கும் யார் குடுப்பா? கையிலருந்து ரொக்கமா முப்பதாயிரத்துத் தொள்ளாயிரம் போவும்.”

“லென்ஸ் பணம் இருக்குல்லா?”

“டிசம்பர்ல கடை போயிரும்ளா!”

“இந்த ரேட்டு நிக்கலன்னா டிசம்பருக்கு முன்னாலயே போயிரும். நீங்கதான எழுதிக் காட்டுனீங்க? நான் கடைக்குள்ள இருந்து சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. முற்றத்துல அவங்க வாயாலேயே சொல்லட்டும்.”

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. ஆனால் அவள் கேட்டபடி அந்தக் கணக்கைப் பெரிய எழுத்தில், மை கலங்காமல், வேறொரு தாளில் எழுதிக் கொடுத்தேன். என்னென்ன சேரும், என்னென்ன சேராது என்று கீழே தனியாக எழுதச் சொன்னாள். அதையும் எழுதினேன்.

பண்டிகை அன்று நேசக்குமார் சார் ஏலம் விட்டார். ஆட்டுக்குட்டி போனது, பலாப்பழம் போனது. சுதாவின் தாளை எடுத்தபோது வெயில் ஏறிவிட்டது. அவர் மேலே உள்ளதை மட்டும் வாசித்துவிட்டு ஏலத்தை ஆரம்பிக்கப் பார்த்தார். “முழுசா வாசிங்க சார்” என்றாள் சுதா. வாசித்தார். ஆல்பத் தாளுக்கு இவ்வளவு, லைட்டுக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றும் ஒலிபெருக்கியில் தெரு வரை கேட்டது. கடைசியில் ‘ஜெபசுதாவின் கூலி நாள் ஒன்றுக்கு எண்ணூற்றுப் பதினாறு’ என்று வாசித்தபோது பின்வரிசையில் ஒருவர், “எங்க சித்தாளுக்கே தொள்ளாயிரம்லா” என்றார். அவர் கட்டட மேஸ்திரி.

“ஐநூறு!” என்று ஒரு முதியவரின் குரல்.

“தாத்தா, ஒங்களுக்கு எதுக்குக் கல்யாணம்?” என்று இன்னொரு குரல். முற்றம் சிரித்தது.

“முதல்ல ஒன் கல்யாணத்துக்கு யாருளா போட்டோ எடுப்பா?” என்று பெண்கள் பக்கத்தில் ஒருத்தி சுதாவைக் கேட்டாள்.

“யாரு எடுத்தாலும் அவளுக்கும் நாப்பத்தெட்டுதான் குடுப்பேன்” என்றாள் சுதா.

அதற்குள் தேவகனி அக்கா எழுந்து நின்றாள். பேக்கரி நடத்துகிறவள். மகனுக்குத் தையில் கல்யாணம். “இருபதாயிரம்” என்றாள்.

ஞானதுரை அண்ணாச்சி உட்கார்ந்தபடியே, “இருபத்தஞ்சு.”

“இருபத்தாறு.”

“முப்பது.” அவர் சுதாவைப் பார்த்தார். அவர் நினைத்த விலை அதுதான், அதிலேயே முடித்துவிடலாம் என்ற தைரியம் முகத்தில் தெரிந்தது.

“முப்பத்தொண்ணு” என்றாள் தேவகனி அக்கா. “அண்ணாச்சி, பதினோரு லாரி வச்சிருக்கியோ, முப்பதுல நின்னுட்டியளே. ஒரு லாரி பஞ்சரா?”

அதற்கப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. நாற்பதைத் தாண்டியது. நாற்பத்தெட்டு என்று அண்ணாச்சி வாயிலிருந்தே வந்தபோது, சுதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்தைந்தில் தேவகனி அக்கா கொஞ்சம் யோசித்து, மகனைத் திரும்பிப் பார்த்து, மறுபடியும் கையைத் தூக்கினாள். அறுபத்திரண்டு வரை வந்தாள். அறுபத்து மூன்றாயிரத்தில் மூன்று தரம் சொல்லி, அண்ணாச்சிக்குக் கைதட்டினார்கள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். வெளியே போகும்போது என்னிடம், “ஒன் தங்கச்சி பெரிய ஆளுதான்” என்றார். பாராட்டாகச் சொல்லவில்லை. நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து அவர் கடைக்கு வந்தார். மேலே பறந்து எடுக்கிற கேமரா வேண்டும், மாப்பிள்ளை வீட்டாருக்கு இன்னொரு ஆல்பம் வேண்டும், முந்தின நாள் பொண்ணழைப்பும் எடுக்க வேண்டும்.

“தாள்ல இல்லையே அண்ணாச்சி.”

“அறுபத்து மூணாயிரம் குடுத்திருக்கேன்ளா!”

“கோயில்ல ரசீது வாங்குனீங்கள்லா? அதுல என் பேரா இருக்கு?”

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். “சபையில இனி ஒரு கல்யாணம் ஒனக்கு வராது. நான் பாத்துக்கிடுதேன்.”

“வராட்டி போவுது. ஜெப்ஸி கல்யாணத்துக்குக் காலம்பற அஞ்சு மணிக்கு வந்துருவேன். தாள்ல எழுதினது ஒண்ணும் குறையாது.”

கல்யாணத்தன்று அவள் சொன்னபடி ஐந்து மணிக்குப் போனாள். நானும் லைட் பிடிக்கப் போனேன், ஆயிரத்து இருநூறு மிச்சமாகட்டும் என்று. வழக்கம்போலப் பந்திப் பக்கம் போய் விசாரித்து, கையில் குறித்துக்கொண்டாள். அண்ணாச்சியும் அவருடைய சொந்தத் தம்பியும் மூன்று வருடமாகப் பேசுவதில்லை. இரண்டு பேரையும் இரண்டு படத்தில் நிறுத்தினாள். மேடையில் எங்கே நிற்க வேண்டும் என்று அவள் கையைக் காட்டினாள், அண்ணாச்சி நின்றார். தலையைக் கொஞ்சம் நிமிர்த்தச் சொன்னாள், நிமிர்த்தினார். அவ்வளவுதான் அன்றைக்கு அவர்களுக்குள் நடந்த பேச்சு.

ஆல்பத்தை ஒன்பதாம் நாள் முடித்து, நாங்கள் இரண்டு பேருமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அண்ணாச்சியின் மனைவி வாங்கி மடியில் வைத்து ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். அவர் திரும்பிப் பார்க்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் பேப்பர் கீழே கிடந்தது, கண்ணாடியைத் தேடுகிற சத்தம் கேட்டது.

அவர் சொன்னதைச் செய்தார் என்பதையும் எழுத வேண்டும். அவர் மைத்துனர் வீட்டுக் கல்யாணம் திருநெல்வேலி ஸ்டுடியோவுக்குப் போனது. இன்னொரு வீடும் நழுவியது. செப்டம்பர் முழுக்கப் பாஸ்போர்ட் போட்டோதான். நான் ஒவ்வொரு நாளும் வேலை விட்டு வரும்போது டயர் கடைக்காரர் எங்கள் கடைச் சுவரை அளக்கிற மாதிரி நிற்பார். சுதாவிடம், ஒருதடவை நாற்பதுக்கு இறங்கி வா என்று நானே சொல்லிவிட்டேன். அவள் என் கையெழுத்தில் இருந்த தாளை எடுத்துக் காட்டி, “இதுல எந்த வரிய அடிக்கணும்னு சொல்லுங்க, அடிக்கேன்” என்றாள். எந்த வரியையும் அடிக்க முடியவில்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் தேவகனி அக்கா வந்தாள்.

“எவ்வளவுளா?”

“நாப்பத்தெட்டு.”

“எனக்குமா?”

“ஒங்களுக்குப் பதினாலாயிரம் லாபம்க்கா. நீங்க அறுபத்திரெண்டு வரைக்கும் கேட்டீங்களே.”

அக்கா மேசையைத் தட்டிச் சிரித்தாள். பையிலிருந்து முப்பதாயிரம் முன்பணம் எண்ணி வைத்தாள். அவளுக்குப் பின்னால் கட்டட மேஸ்திரி வந்தார், மகளுக்கு. பேரமே பேசவில்லை. “கூலி வேலை செய்யுறவனுக்குக் கூலி தெரியும்” என்று மட்டும் சொன்னார். டிசம்பருக்குள் மொத்தம் நான்கு கல்யாணத்துக்கு முன்பணம் வந்தது. ஆறு போய் நான்கு ஆனது என்று சபையில் சிலர் உச்சுக்கொட்டினார்கள். அவர்களுக்குக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியாது. ஆறு எடுத்தபோது கையிலிருந்து போனது. நான்கில் இருபத்தொன்பதாயிரத்து நானூறு மிஞ்சுகிறது. கட்டடக்காரருக்கு ஐம்பதாயிரத்தை நவம்பர் இருபத்தெட்டாம் தேதியே கொடுத்தோம். முன்பணத்தில் கை வைத்துத்தான் கொடுத்தோம், அதை அந்தந்தக் கல்யாணத்துக்குள் திரும்ப ஈடுகட்ட வேண்டும். லென்ஸ் இன்னும் வாங்கவில்லை. கல்யாணத்துக்குக் கல்யாணம் வாடகைக்கு எடுக்கிறாள்.

டிசம்பர் பத்தாம் தேதி நேசக்குமார் சார் வந்தார். கிறிஸ்துமஸ் மர விழாவுக்குப் போட்டோ எடுக்க வேண்டும். இந்த முறை நேரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. கமிட்டியில் பேசி ஐயாயிரம் ஒதுக்கியிருக்கிறோம் என்றார்.

“ஆறாயிரத்து ஐநூறு சார்.”

சார் என்னைப் பார்த்தார். நான் தாளைத் தேடி எடுப்பதற்குள், “வேண்டாம்மா, தாள் வேண்டாம்” என்று கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டு, பையிலிருந்து செலவுச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். தொகையை எழுதினார். எதற்காக என்ற இடத்தில் பேனா நின்றது.

“என்னன்னு போட? ஊழியத்துக்கு அன்பளிப்புன்னு போடட்டா? கேக்க நல்லா இருக்கும்.”

“போட்டோ எடுக்குத கூலின்னு போடுங்க சார்” என்றாள் சுதா.

அவர் அப்படியே எழுதினார். அவள் வாங்கிப் படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டாள்.